நடுவில் மின்னோட்ட மூலம் இருந்தால் மெஷ்ஷா, நோடலா?

மின்சுற்றைத் தீர்க்க இரண்டு வழி. மெஷ் முறையில் ஒவ்வொரு கண்ணியிலும் (மூடிய சுற்றுவழி) ஓடும் மின்னோட்டம் தெரியாதது; நோடலில் கிளைகள் சேரும் முனையின் மின்னழுத்தம் தெரியாதது. மேல்முனைக்கும் கீழ்முனைக்கும் நடுவே மூன்று கிளைகள் உள்ள ஒரு சுற்றைப் பார்ப்போம். இடப்பக்கம் நேர்முனை மேலே வைத்த 18 வோல்ட் பேட்டரி, அதோடு தொடரில் 2 ஓம். நடுக்கிளையில் மேல்நோக்கி 3 ஆம்பியர் மூலம். வலப்பக்கம் 4 ஓம்.

மெஷ் முறையில் நேராக இறங்கினால் முட்டும். மின்னோட்ட மூலத்தின் குறுக்கே எத்தனை வோல்ட் என்று தெரியாதே! அதனால் இரு கண்ணிகளையும் சேர்த்து சூப்பர்மெஷ் ஆக்கி, வெளிச்சுற்றுக்கு மட்டும் மின்னழுத்தச் சமன்பாடு எழுத வேண்டும். கடிகாரச் சுற்றில் இடது மின்னோட்டம் அ, வலது ஆ என்றால், 2அ + 4ஆ = 18. மூலம் தரும் நிபந்தனை ஆ − அ = 3. அ = 1, ஆ = 4 ஆம்பியர்.

நோடலில் கீழ்முனையை 0 வோல்ட் என்று வைத்தால், தெரியாதது மேல்முனை மின்னழுத்தம் வ ஒன்றுதான். முனையை விட்டு வெளியேறும் மின்னோட்டங்களின் கூடுதல் மூலம் தரும் 3 ஆம்பியருக்குச் சமம்: (வ − 18)/2 + வ/4 = 3. வ = 16 வோல்ட்; அப்புறம் 16/4 = 4 ஆம்பியர். இந்தச் சுற்றுக்கு நான் நோடலையே எடுப்பேன்.

ஆனால் மூலம் ஓரத்தில், ஒரே கண்ணிக்குள் இருந்தால் அந்த மின்னோட்டம் கணக்குப் போடாமலே தெரியும். எழுத வேண்டியதில் ஒரு சமன்பாடு குறையும். அங்கே மெஷ் அருமை.