டெனார் சாக்ஸபோனோடு ஏழு வருடம்

2018 கடைசியில் ஒரு பழைய டெனார் சாக்ஸபோன் வாங்கினேன். அதுவரை சாக்ஸபோன் என்றால் எனக்குக் கத்ரி கோபால்நாத்தான். அவர் கையில் இருந்தது ஆல்டோ, டெனாரைவிடச் சிறியது, சுருதி கூடியது. நான் டெனார் எடுத்ததற்குப் பெரிய காரணம் ஒன்றுமில்லை, அன்று கடையில் என் பட்ஜெட்டுக்குள் இருந்தது அதுதான். வீட்டில் முதல் முறை ஊதியதும் பக்கத்து வீட்டு மாமா எட்டிப்பார்த்து, "என்னப்பா, வீட்ல விசேஷமா?" என்றார். நாதஸ்வரம் என்று நினைத்திருக்கிறார். அந்த அளவுக்காவது சத்தம் வந்ததே என்று சந்தோஷப்பட்டேன்.

ஜாஸ் கற்றுக்கொள்ள ஆசை. முதல் இரண்டு வருடம் நேராக சார்லி பார்க்கர், ஜான் கோல்ட்ரேன் என்ற ஜாஸ் சாக்ஸபோன் மேதைகளிடம் போய் உட்கார்ந்தேன், ரெக்கார்டில்தான். காது ஒரு வரியைப் பிடிப்பதற்குள் அடுத்த மூன்று வரி ஓடிவிடும். சரி, நோட்டேஷனைப் பார்த்து வாசிப்போம் என்று புத்தகம் வாங்கினேன். விரல் ஓடத்தான் செய்தது. கேட்க டைப்ரைட்டிங் வகுப்பு மாதிரி இருந்தது. பார்க்கரே 1937 கோடையில் ஓசார்க் மலைப்பக்கம் வாசிக்கப் போனபோது தனக்கு மூத்த டெனார் கலைஞர் லெஸ்டர் யங்கின் ரெக்கார்டுகளைக் கொண்டுபோய், அவர் தனியாக வாசிக்கும் சோலோக்களை மனப்பாடம் செய்தவர் என்பது அப்புறம்தான் தெரிந்தது. அவர் ஏறிய படியை விட்டுவிட்டு நான் நேரே மொட்டைமாடிக்குத் தாவப் பார்த்திருக்கிறேன்.

அங்கிருந்து பின்னால் போக ஆரம்பித்தேன். லெஸ்டர் யாரைக் கேட்டு வளர்ந்தார்? ஃபிராங்கி ட்ரம்பாவர். ஆல்டோவுக்கும் டெனாருக்கும் நடுவில் நிற்கும் சி-மெலடி சாக்ஸபோன் வாசித்தவர். 1927 பிப்ரவரியில் கார்னெட் கலைஞர் பிக்ஸ் பைடர்பெக்குடன் பதிவு செய்த 'சிங்கின் த ப்ளூஸ்' ரெக்கார்டில் அவர் வாசிப்பது மொத்தம் 32 பார் (நம் தாளத்தின் ஆவர்த்தனம் மாதிரி ஒரு சின்ன அளவு). இசைத்தட்டின் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம்தான் இடம் என்பதால் அந்தக் காலத்தில் யாருக்கும் வளவளவென்று வாசிக்க வழியில்லை. கற்றுக்கொள்கிறவனுக்கு அதுவே வரம். முழு சோலோவும் ஒரு மனிதன் தலைக்குள் வைத்துக்கொள்ளக்கூடிய அளவு.

அந்த 32 பாருக்கு எனக்கு மூன்று மாதம் ஆனது. முதல் மாதம் வாத்தியத்தைத் தொடவே இல்லை, பாடினேன். குளிக்கும்போது, பஸ்ஸில், பால் காய்ச்சும்போது. வாயில் தடுமாறிய இடமெல்லாம் பின்னால் விரலிலும் தடுமாறியது. ஒரு வரியை அவர் இழுத்து, கொஞ்சம் தாமதமாக முடித்து, அடுத்ததைச் சாதாரணப் பேச்சு போல எடுப்பார். அந்தத் தாமதத்தை நோட்டேஷனில் எழுத முடியாது. கமகத்தை எழுதிக் காட்ட முடியாத மாதிரிதான்.

இதில் ஒரு கூத்தும் நடந்தது. ரெக்கார்டோடு சேர்ந்து வாசித்தால் சுருதி சேரவே இல்லை. கழுத்துக் கார்க்கில் மவுத்பீஸை (வாயில் வைத்து ஊதும் முனையை) உள்ளே தள்ளினேன், வெளியே இழுத்தேன், உதட்டை இறுக்கினேன், ஒரு வாரம் காதையே சந்தேகப்பட்டேன். கடைசியில் பார்த்தால் நான் வைத்திருந்த பிரதியே அரைச் சுரத்தில் பாதி ஏறி ஓடுகிறது. பழைய தட்டுகளைக் கணினிக்கு மாற்றும்போது வேகம் கொஞ்சம் தப்பினாலும் இப்படி ஆகும். இப்போதெல்லாம் முதல் வேலையாக ட்யூனரை வைத்துப் பார்த்து, ஆப்பில் சுருதியைச் சரிசெய்துவிட்டுத்தான் தொடங்குகிறேன். அதே ஆப்பில் வேகத்தைப் பாதியாகக் குறைப்பதை மட்டும் விட்டுவிட்டேன். நாக்கு ரீடை, அதாவது மவுத்பீஸில் அதிரும் நாணல் தகட்டைத் தொடும் இடம் மெழுகு மாதிரி இழைந்துபோகிறது. அசல் வேகத்தில் இரண்டே பாரைத் திரும்பத் திரும்ப ஓடவிடுவது மேல்.

அடுத்து லெஸ்டர். 1934-இல் ஃப்ளெட்சர் ஹெண்டர்சன் குழுவில் கோல்மன் ஹாக்கின்ஸ் விட்டுப்போன நாற்காலிக்கு இவர் வந்தார். ஹாக்கின்ஸின் கனத்த, விரிந்த நாதத்துக்குப் பழகிய சகாக்களுக்கு இவருடைய மெல்லிய சத்தம் பிடிக்கவில்லை. ஹெண்டர்சனின் மனைவி ஹாக்கின்ஸ் ரெக்கார்டுகளைப் போட்டுக்காட்டி, இப்படி வாசிக்கக்கூடாதா என்று கேட்டிருக்கிறார். லெஸ்டர் மாறவில்லை, சில மாதத்தில் கிளம்பிவிட்டார். 1936-இல் சிகாகோவில் பியானோ கலைஞர் கவுண்ட் பேஸியோடு பதிவான 'லேடி பி குட்' தான் அவருடைய முதல் ரெக்கார்டிங்குகளில் ஒன்று. அதில் அவர் எடுக்கும் 64 பாரைக் கேட்டால் எனக்கு இன்றும் சிரிப்பு வரும், அவ்வளவு லேசு. ஒரே சுரத்தை இரண்டு விதமாக விரல் வைத்து நிறம் மாற்றுவதை அவரிடம்தான் பிடித்தேன். எந்தப் பாட்டை வாசித்தாலும் அதன் வரிகள் தெரிந்திருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. நானும் வரிகளை எழுதி ஸ்டாண்டில் வைக்க ஆரம்பித்தேன். எங்கே மூச்செடுப்பது என்ற கேள்வி பாதி தீர்ந்தது.

இந்த இடத்தில் செலவுக் கணக்கு. ஹாக்கின்ஸ் மாதிரி நாதம் வேண்டும் என்று மூன்று மவுத்பீஸ் வாங்கினேன். மூன்றிலும் என் சத்தம்தான் வந்தது. இரண்டை விற்றுவிட்டேன். ரீடும் அப்படியே: ஆரம்பத்தில் கெத்தாக, கொஞ்சம் கடினமான 3-ஆம் நம்பர் போட்டு உதடு புண்ணானதுதான் மிச்சம், இப்போது 2.5. பத்து வாங்கினால் நாலுதான் தேறும். சீவாளி கட்டுகிறவர்கள் பொறுக்கியெடுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

சிட்னி பெஷே எனக்கு ஒத்துவரவில்லை. ஆள் பெரிய ஆள், நியூ ஆர்லியன்ஸில் பிறந்து சோப்ரானோ சாக்ஸபோனுக்கு ஜாஸில் இடம் வாங்கிக் கொடுத்தவர். ஆனால் அவருடைய அகலமான வைப்ராட்டோ (சுரத்தை நடுங்கவிடுவது) ஒட்டிக்கொண்டு இரண்டு மாதம் என் டெனார் ஆடு கத்துவது போல இருந்தது. அவரிடம் பயின்ற ஆல்டோ கலைஞர் ஜானி ஹாட்ஜஸை டியூக் எலிங்டன் ஜாஸ் குழுவின் ரெக்கார்டுகளில் கேட்டு அதை இறக்கினேன். பெஷேயை இப்போது கேட்க மட்டும் செய்கிறேன்.

பராமரிப்பில் பெரிய தொல்லை ஈரம். ஜி ஷார்ப் சுரத்தின் துளையை மூடும் பேட் அந்தத் துளையோடு ஒட்டிக்கொள்ளும்; சாவியை அழுத்தினாலும் திறக்காது. பத்து ரூபாய் நோட்டை இடையில் வைத்து மூடி, மெதுவாக உருவினால் அன்றைக்குத் தாங்கும். நோட்டு புதிதாக இருக்கட்டும், கசங்கின நோட்டில் இருக்கும் அழுக்கு பேடுக்குப் போகும். ராத்திரிப் பயிற்சிக்கு சாக்ஸபோனின் வாய்ப்பகுதியில் துண்டு திணிக்கச் சொல்வார்கள், அது பிரயோஜனமில்லை. சத்தம் பெரும்பாலும் வழியெல்லாம் இருக்கும் துளைகளில் வெளியே போய்விடுகிறது. கீழ்த்தாடையைத் தளர்த்திக் காற்றோடு கலந்து வாசிக்கும் சப்டோனைப் பழகிக்கொண்டேன், மாமாவும் புகார் சொல்வதில்லை.

போன வருடம்தான் ஹாக்கின்ஸுக்கு வந்தேன், 1939 அக்டோபரில் பதிவான 'பாடி அண்ட் சோல்'. மெட்டை முதல் சில பாரில் தொட்டுவிட்டு அப்புறம் அந்தப் பக்கமே திரும்பாமல் இரண்டு சுற்று போகிறார். முதல் சுற்று கைக்கு வந்துவிட்டது. இரண்டாவதின் நடுப்பகுதியில் நிற்கிறேன். டெனாருக்கு அது ஈ மேஜர், அடிக்கடி ஜி ஷார்ப் வரும். மழைக்காலம் வேறு. பத்து ரூபாய் நோட்டு ஸ்டாண்டிலேயே இருக்கிறது.