ரோட்டாக்ஸ் மேக்ஸ் 125 கார்ட்: சில சீசன்கள் ஓட்டிய பிறகு

வாடகைக்குக் கிடைக்கும் கோ-கார்ட்டை ஓட்டிப் பார்த்துவிட்டு, ரேஸ் கார்ட்டும் இப்படித்தான் இருக்கும் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். வாடகை வண்டிகள் பலவற்றில் ஹோண்டாவின் 200 அல்லது 270 சிசி ஃபோர் ஸ்ட்ரோக் என்ஜின்தான் இருக்கும். மிஞ்சிப்போனால் 9 குதிரைசக்தி. சுற்றிலும் தடித்த பம்பர், யார் வந்து இடித்தாலும் தாங்கும். நான் செகண்ட் ஹேண்டில் வாங்கிய ரேஸ் கார்ட்டில் இருப்பது ஆஸ்திரியக் கம்பெனியான ரோட்டாக்ஸின் மேக்ஸ் என்ஜின். 125 சிசி டூ ஸ்ட்ரோக், வாட்டர் கூலிங். சீனியர் வகை என்பதால் 30 குதிரைசக்திக்குப் பக்கத்தில் வரும். வண்டியின் எடை கிட்டத்தட்ட என் எடைதான். கணக்கு உங்களுக்கே புரியும்.

ஸ்டார்ட் செய்வது பட்டன்தான், தள்ளிவிட ஆள் வேண்டாம். கியரும் கிடையாது. வலது காலில் ஆக்சிலரேட்டர், இடது காலில் பிரேக், அதுவும் பின்பக்கம் மட்டும். கேட்க எளிமையாக இருக்கிறது, வளைவு வரும்வரை. பின் ஆக்சில் ஒரே கம்பி, காரில் இருப்பதுபோல் இரண்டு சக்கரத்தையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியல் இல்லை. இரண்டு பின்சக்கரமும் ஒரே வேகத்தில் சுற்றுவதால் கார்ட் தானாகத் திரும்பாது, நேராகவே போகப் பார்க்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது உள்பக்கப் பின்சக்கரம் தரையிலிருந்து கொஞ்சம் எழும்ப வேண்டும். சஸ்பென்ஷன் கிடையாது என்பதால் அந்த வேலையைச் செய்வது வளைந்துகொடுக்கும் குழாய்ச் சட்டமான சேசிஸும் சீட்டில் உட்கார்ந்திருக்கும் உங்கள் உடம்பும்தான். சீட்டை ஒரு சென்டிமீட்டர் நகர்த்தினாலும் வண்டியின் குணம் மாறும். இதை நான் நம்பாமல்தான் இருந்தேன். ஒரு நாள் மெக்கானிக் தம்பி ஸ்பேனரை எடுத்து சீட்டைக் கொஞ்சம் பின்னால் தள்ளி மாட்டிக் காட்டினார். அப்புறம் அவரோடு வாதாடுவதில்லை.

உடம்பு விஷயத்தில் ஒளிவுமறைவு வேண்டாம். பவர் ஸ்டியரிங் இல்லை. புது டயர் போட்ட அன்று பத்து நிமிடத்தில் முன்கை கல்லாகிவிடும். அதைவிட மோசம் விலா. சீட்டின் ஓரம் ஒவ்வொரு வளைவிலும் அங்கேயே இடிக்கும். ஹெல்மெட்டுக்கு அடுத்து காசு போட வேண்டியது விலாக் கவசத்துக்கு. கையுறை, ஷூவெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஓட்டுகிற நேரத்தைவிடக் கழற்றி மாட்டுகிற நேரம்தான் அதிகம். என் என்ஜின் கார்புரேட்டர் வைத்த பழைய வகை. காலையில் காற்று குளிர்ச்சியாக இருக்கும்போது ஒரு மெயின் ஜெட், அதாவது பெட்ரோலை அளந்து விடும் சின்னத் துளை. பதினோரு மணி வெயிலில் காற்று இலேசாகிவிடும், அதனால் ஜெட்டின் நம்பரை இறக்க வேண்டும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் பதில் அதிலேயே இருக்கும். காபிப்பொடி நிறம் என்றால் சரி. கரேலென்று இருந்தால் பெட்ரோல் அதிகம், வேகம் வராது. வெளுத்திருந்தால் உடனே நிறுத்திவிடுங்கள், பிஸ்டன் இறுகி என்ஜின் சீஸ் ஆகிவிடும். ஆயில் கலந்த பெட்ரோல், செயின் ஸ்ப்ரே, ஒவ்வொரு முறை டிராக்கில் இறங்கும் முன்பும் போல்ட் சரிபார்ப்பு என்று ஒரு வரிசை உண்டு. வண்டி அதிரும் அதிர்வில் போல்ட் தானாகவே கழன்றுகொள்ளும்.

பணம் கரைவது டயரில். வாங்கிய விலையை நான் எப்போதோ டயருக்கே கொடுத்துவிட்டேன். ரப்பர் மிச்சம் இருக்கும், ஆனால் நாலைந்து முறை சூடாகி ஆறியதும் பிடிப்பு போய்விடும். பொழுதுபோக்காக ஓட்டுபவர்கள் பழைய டயரிலேயே பழகலாம், குடி முழுகிவிடாது.

ரோட்டாக்ஸில் எனக்குப் பிடித்த விதி, ரேஸ் என்ஜினுக்கு வைக்கும் சீல். அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் மையம் தவிர வேறு யாரும் திறக்கக் கூடாது. காசு இருப்பவர் ரகசியமாக என்ஜினைக் கடைந்து குதிரைசக்தி ஏற்றுவது இதனால் பெருமளவு அடங்குகிறது. நமக்கும் ஒரு தொல்லை உண்டு. சின்ன ரிப்பேருக்கும் மையத்துக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

"இதை ஓட்டினால் ஃபார்முலா 1-க்குப் போகலாமா?" என்று பிள்ளைகளைக் கூட்டிவரும் அப்பாக்கள் கேட்கிறார்கள். 1956-ல் கலிபோர்னியாவில் ஆர்ட் இங்கல்ஸ் முதல் கார்ட்டைக் கட்டியபோது அதில் இருந்தது புல்வெட்டி என்ஜின். இன்று ஷூமாக்கர், ஹாமில்டன், வெர்ஸ்டாப்பன் என எல்லோருக்கும் ஆரம்பம் கார்ட். ஆனால் நம் ஊர்க் கதை வேறு. 2005-ல் ஃபார்முலா 1-க்குப் போன கோவை நரேன் கார்த்திகேயன் ரேஸைத் தொடங்கியது மாருதி என்ஜின் வைத்த ஒற்றை இருக்கை ரேஸ் காரான ஃபார்முலா மாருதியில். ஜெஹான் தாருவாலா, மைனி சகோதரர்கள் தலைமுறையில்தான் கார்ட்டில் தொடங்கி, ஃபார்முலா 1-க்கு ஒரு படி கீழே இருக்கும் ஃபார்முலா 2 வரை போகும் பாதை இங்கே தெளிவானது. எட்டு வயதுக்குள் தொடங்கி, பிறகு ஐரோப்பாவுக்கும் அனுப்ப வசதி இருந்தால் யோசிக்கலாம். இல்லையென்றால் கார்ட்டைக் கார்ட்டாகவே ஓட்டட்டும். அதில் குறைவொன்றும் இல்லை. தனக்கு அதிக நிறைவு தந்த போட்டியாளர் யார் என்று கேட்டபோது, ஃபார்முலா 1 சாம்பியன் அயர்டன் சென்னா சொன்ன பெயர் ஃபார்முலா 1 ஓட்டுநர் எவருடையதும் அல்ல. கார்ட்டிங் நாட்களில் தன்னோடு மோதிய டெர்ரி ஃபுல்லர்டன்.

பழைய கார்ட் வாங்கப் போகிறவர்கள் பெயின்ட்டைப் பார்க்க வேண்டாம். வண்டியை ஸ்டாண்டில் தூக்கி வைத்து அடிப்பக்கக் குழாய்களைத் தடவிப் பாருங்கள். டிராக் ஓரத்து மேட்டில் (கெர்ப்) உரசி உரசித் தட்டையாகியிருந்தால் சேசிஸின் ஆயுள் முடியப்போகிறது. பின்சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டு ஆக்சில் ஆடுகிறதா என்று கவனியுங்கள். என்ஜின் எத்தனை மணி நேரம் ஓடியது என்று கேட்டு, ஓடிய நேரமும் சர்வீஸும் எழுதி வைக்கும் லாக் புக்கையும் கேளுங்கள். புக் இல்லை என்றால் பிஸ்டன் மாற்றும் செலவை விலையில் கழித்துத்தான் பேச வேண்டும்.