குடும்ப வழக்கில் இரண்டு வகை வக்கீல்கள்: மோதுபவரும் செவிகொடுப்பவரும்

மணமுறிவுக்காக வக்கீலைத் தேடுபவர்களுக்குக் கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும். "விட்டுக்கொடுக்காமல் சண்டை போடும் ஆளாகப் பார்" என்பது ஒன்று. "கோர்ட் படியேறாதே, சமரசம் பேசி முடித்துக்கொள்" என்பது மற்றொன்று. முதலாவது வக்கீலின் சுபாவத்தைப் பற்றியது. இரண்டாவது வழக்கு செல்லும் பாதையைப் பற்றியது. இவ்விரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான், பரிவோடு நடத்தும் வக்கீல் என்றாலே நீதிமன்றத்துக்குப் போகத் தயங்குபவர், எதிர்த்தரப்பிடம் எளிதில் இறங்கிப்போகிறவர் என்ற எண்ணம் பரவியிருக்கிறது. சமரச அறையில் ஒரு கட்சிக்காரர் நசுக்கப்படுவதும் உண்டு. கடுமையாக நடந்த விசாரணையில் இறுதிவரை மதிப்போடு நடத்தப்பட்டவரும் உண்டு. ஆகவே சுபாவத்தை முதலிலும் பாதையைப் பிறகும் தனித்தனியே எடைபோடுவதே சரி.

வேறுபாடு முதல் சந்திப்பிலேயே தெரிந்துவிடும். மோதும் வக்கீல், வழக்குக்குத் தேவையானதை மட்டும் கேட்கிறார்: திருமணத் தேதி, சொத்து விவரம், எதிர்த்தரப்பின் குற்றங்கள், கையிலுள்ள ஆதாரம். அரை மணிக்குள் வக்காலத்தில் கையெழுத்தாகிவிடும். காலக்கெடு நெருங்கியிருக்கும் வழக்கில் இந்த வேகம்தான் தேவை என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் எதிரே அமர்ந்திருப்பவரின் நிலையையும் பார்க்க வேண்டும். தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ராஹே என்ற அமெரிக்க மனநல மருத்துவர்கள் 1967இல் 43 வாழ்க்கை நிகழ்வுகளை அவை தரும் அழுத்தத்தின்படி வரிசைப்படுத்தினார்கள். வாழ்க்கைத்துணையின் மரணத்துக்கு 100 புள்ளிகள்; அதற்கு அடுத்ததாக மணமுறிவுக்கு 73; கணவன் மனைவி பிரிந்து வாழ்வதற்கு 65. சிறைத்தண்டனைக்கே 63தான். அந்த நிலையில் வருபவர் வக்கீல் சொல்வதில் பாதியைத்தான் காதில் வாங்குவார். இதை அறிந்த, செவிகொடுக்கும் வக்கீல், "இங்கிருந்து கிளம்பும்போது உங்களுக்கு எந்த ஒரு விஷயம் தெளிவாகியிருக்க வேண்டும்?" என்று தொடங்குகிறார். வரும் பதில் பல நேரங்களில் மணமுறிவைப் பற்றியதாகவே இருக்காது. நாளை மாலை பள்ளியிலிருந்து குழந்தையை யார் அழைத்து வருவது, வாடகை ஒப்பந்தம் யார் பெயரில் இருக்கிறது, கூட்டு வங்கிக் கணக்கிலிருந்து இப்போது பணம் எடுக்கலாமா என்பதாகவே இருக்கும். அதற்குப் பதில் சொல்லிவிட்டு, அன்று பேசியதை எளிய சொற்களில் ஒரு பக்கத்தில் எழுதி மறுநாளே அனுப்பிவைக்கிறார்.

அடுத்த சோதனை, முதல் நோட்டீஸ். மோதும் வக்கீலின் நோட்டீஸ் ஏறத்தாழ இப்படி இருக்கும்: "தங்களது கொடூரமான, பொறுப்பற்ற நடத்தையால் எங்கள் கட்சிக்காரர் தாங்கொணா மன உளைச்சலுக்கு ஆளாகியுள்ளார். ஏழு நாட்களுக்குள் தாங்கள் இணங்கத் தவறினால் தங்கள் செலவிலும் பொறுப்பிலும் சட்ட நடவடிக்கை எடுக்கப்படும்." மற்றவர் எழுதுவது இப்படி: "எங்கள் கட்சிக்காரர் பிரிந்து வாழ முடிவு செய்துள்ளார். இந்தக் கல்வியாண்டு முடியும்வரை குழந்தைகள் தொடர்பான தற்போதைய ஏற்பாடே நீடிக்கலாம் என்று அவர் கருதுகிறார். கடந்த ஓராண்டுக்கான வருமான, வங்கிக் கணக்கு விவரங்களை இருதரப்பும் இம்மாத இறுதிக்குள் பரிமாறிக்கொள்ளக் கோருகிறோம். தாங்களும் ஒரு வக்கீலைக் கலந்தாலோசிப்பது நல்லது." இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் மென்மையான கடிதமே அதிகம் கேட்கிறது என்பது புரியும். முதல் நோட்டீஸில் எதற்கு இணங்க வேண்டும் என்பதே தெளிவாக இல்லை. இரண்டாவதில் ஆவணமும் தேதியும் இடைக்கால ஏற்பாடும் இருக்கின்றன. பின்னாளில் அதே கடிதம் நீதிபதியின் மேசைக்குப் போனாலும் எழுதியவருக்குச் சங்கடமில்லை.

இங்கே வக்கீலை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. மற்றவரின் குற்றத்தை நிரூபித்தால்தான் மணமுறிவு என்று சட்டம் சொல்லும் இடத்தில், மனுவே குற்றப்பத்திரிகையாகத்தான் இருக்க முடியும். கலிபோர்னியாவில் இந்த நிர்ப்பந்தம் 1970 ஜனவரி 1 அன்று விலகியது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும், இரண்டு ஆண்டுகளாவது பிரிந்து வாழ்ந்திராதவர்களுக்கு, அது 2022 ஏப்ரல் 6 வரை நீடித்தது. எனினும், அந்தச் சட்டம் மாறுவதற்கு 40 ஆண்டுகள் முன்பே, 1982இல், அங்குள்ள குடும்பச் சட்ட வக்கீல்கள் சிலர் சங்கம் அமைத்து, மோதலைத் தூண்டாமல் வழக்கு நடத்துவதற்கான நடத்தை விதிகளை வகுத்துக்கொண்டார்கள். இன்று ‘ரெசொல்யூஷன்’ என்று அழைக்கப்படுவது அந்தச் சங்கமே.

கடினமான கேள்வி இனிமேல்தான் வருகிறது: முடிவு யாருடையது? கட்சிக்காரரை மையமாகக் கொள்வது என்ற சொல்லாட்சியின் வேர் உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸின் சிகிச்சை முறையில் இருக்கிறது. 1970களின் பிற்பகுதியில் அமெரிக்கச் சட்டக் கல்வி அதை எடுத்துக்கொண்டது. வக்கீல் வழிகளையும், பணம், உறவு, மனநிம்மதி உட்பட அவற்றின் விளைவுகளையும் விரித்து வைக்க வேண்டும், தேர்வைக் கட்சிக்காரர் செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். ஆனால் கட்சிக்காரர் வந்து, "குழந்தையை அவர் கண்ணிலேயே காட்டக் கூடாது" என்கிறார். "அப்படியே செய்துவிடலாம்" என்று மனு தயாரிக்கும் மோதல் வக்கீல்தான் அப்போது கட்சிக்காரரின் சொல்லுக்கு மதிப்புக் கொடுப்பவராகத் தோன்றுவார். என் கணிப்பில் அது மதிப்பில்லை, சோம்பல். முதல் நாள் கோபம் ஒருவருடைய முழு விருப்பமாகாது. எதற்குப் பயந்து அப்படிச் சொல்கிறார் என்று இன்னும் இரண்டு கேள்விகள் கேட்டால், காரணம் குடிப்பழக்கமாகவோ, வண்டி ஓட்டும் விதமாகவோ, வெறும் காயமாகவோ இருப்பது தெரியவரும். மூன்றுக்கும் வேண்டிய மனுக்கள் வேறு வேறு. கேட்ட பிறகும் அவர் உறுதியாக இருந்தால், சட்டத்துக்கு உட்பட்டதை வக்கீல் செய்து கொடுக்க வேண்டும். மனம் ஒப்பவில்லையென்றால் வழக்கிலிருந்து முறைப்படி விலக வேண்டும்.

பரிவு வக்கீல்களிடமும் ஒரு குறை உண்டு. அதை அவர்கள் அவ்வளவாக ஒப்புக்கொள்வதில்லை. "போனால் போகட்டும், நிம்மதிதானே முக்கியம்" என்று ஆறுதல் சொல்லிச் சொல்லியே, நியாயமாக வரவேண்டிய ஜீவனாம்சத்தைக் கட்சிக்காரர் விட்டுக்கொடுக்கும்படி செய்துவிடுவார்கள். களைத்துப்போனவர் "எனக்கு எதுவும் வேண்டாம், முடிந்தால் போதும்" என்று சொல்லும்போது, கோபத்தில் பேசுபவரை நிறுத்திக் கேட்டதைப் போலவே அவரையும் நிறுத்திக் கேட்க வேண்டும்.

இனி பாதைகள். நீதிமன்றத்தின் பலம் கட்டாயப்படுத்தும் அதிகாரம்: சொத்தை மறைப்பவரிடம் ஆவணம் கேட்கவும், விசாரணை முடியும்வரை இடைக்கால ஜீவனாம்சம் வாங்கித் தரவும் வேறு எந்த வழிக்கும் இந்த வலு கிடையாது. அதன் விலை வாய்தாக்களும், வீட்டுக்குள் நடந்ததையெல்லாம் பிரமாணப் பத்திரத்தில் ஏற்றி நிரந்தரமாக்கிவிடுவதும். நடுநிலையான ஒருவர், அதாவது சமரசர், இரு தரப்பையும் பேசவைக்கும் சமரசத்தில் பேச்சு வெளியே போகாது, தீர்ப்பை யாரும் திணிப்பதில்லை. ஆஸ்திரேலியாவில் 2006ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், குழந்தைகள் தொடர்பான வழக்குக்கு முன் இதை முயன்று பார்ப்பது, விதிவிலக்குகள் நீங்கலாக, கட்டாயமாகிவிட்டது. ஆனால் சமரசர் எந்தத் தரப்புக்கும் சொந்தமில்லாதவர். வீட்டுக் கணக்கு முழுவதையும் ஒருவரே பார்த்துவந்த குடும்பத்தில், கணக்குத் தெரிந்தவரே அங்கும் ஜெயிப்பார். வெளியில் தனக்கென்று ஒரு வக்கீல் இல்லாமல் அந்த மேசையில் உட்காருவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மூன்றாவது, அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகர வக்கீல் ஸ்டூ வெப் 1990இல் தொடங்கிவைத்த ஒத்துழைப்பு முறை. இரு தரப்பும் தத்தம் வக்கீலோடு நால்வராக அமர்ந்து பேசுகிறார்கள். பேச்சு முறிந்தால் இரு வக்கீல்களும் விலகிவிட வேண்டும் என்று முதலிலேயே எழுதிக் கையெழுத்திடுகிறார்கள். வக்கீலுக்கு வழக்கை வளர்க்கும் ஆசை வராதபடி செய்வது இந்த நிபந்தனைதான். ஆபத்தும் அதற்குள்ளேயே இருக்கிறது: புது வக்கீலை அமர்த்திப் பணம் கொடுக்க வசதியில்லாதவர் நடுவில் எழுந்து போக முடியாது, வசதியுள்ளவர் எழுந்துவிடுவேன் என்று மிரட்டியே சாதிக்கலாம். இருவரின் வசதியும் ஏறத்தாழ சமமாக இருந்து, கணக்கை ஒளிக்கமாட்டார் என்ற நம்பிக்கையும் மிச்சமிருக்கும் தம்பதிக்கு இதைவிட நல்ல வழி இல்லை. மற்றவர்களுக்கு இதன் கவர்ச்சி காகிதத்தோடு சரி.

வன்முறை நடந்த வீட்டுக்கு இந்த ஒப்பீடு பொருந்தாது. பெண்கள் மீதான வன்முறையைத் தடுக்க 2011இல் ஏற்பட்ட இஸ்தான்புல் உடன்படிக்கை, தன் 48ஆம் பிரிவில், இத்தகைய வன்முறை தொடர்பாகக் கட்டாயச் சமரசம் கூடாது என்கிறது. அடிபட்டவரை அடித்தவருக்கு எதிரே உட்காரவைத்து ‘மனம்விட்டுப் பேசுங்கள்’ என்பதைவிடப் பரிவற்ற செயல் இருக்க முடியாது. அங்கே பரிவு என்பது அன்றே பாதுகாப்பு ஆணை கோரி நீதிமன்றம் போவது. அதற்கும் முன்னால் கேட்க வேண்டிய சில சின்னக் கேள்விகள் உண்டு: உங்களை எந்த எண்ணில் அழைக்கலாம், அந்தப் போனை வேறு யாராவது எடுப்பார்களா, மின்னஞ்சலின் கடவுச்சொல் யாருக்குத் தெரியும், தபாலை எந்த முகவரிக்கு அனுப்புவது? இவற்றைக் கேட்காமல் அலுவலக முத்திரையோடு வீட்டுக்குக் கடிதம் அனுப்பும் வக்கீல், சுபாவத்தில் எவ்வளவு இனியவராக இருந்தாலும், அந்தக் கடிதத்தை முதலில் பிரிக்கப்போவது யார் என்பதை யோசித்திருக்கவில்லை.