குராசோ முத்திரையை நம்பிப் பணம் போடாதீர்கள்

குராசோ கால்பந்து அணி 2026 உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்ற நாளிலிருந்து ஒல்லாந்தில் உள்ள நம் இளைஞர்களின் பேச்சில் அந்தத் தீவின் பெயர் அடிக்கடி அடிபடுகிறது. ஒன்றரை இலட்சம் பேர் வாழும் சின்னக் கரீபியன் தீவு அவ்வளவு தூரம் வந்ததில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் சென்ற வாரம் ஒரு தம்பி கைப்பேசியைக் காட்டி, "அண்ணா, இந்தப் பந்தயத் தளத்துக்குக் குராசோ உரிமம் இருக்கிறது. குராசோவும் நெதர்லாந்து இராச்சியம்தானே, பயமில்லைத்தானே?" என்று கேட்டபோது என் வயிற்றைப் பிசைந்தது. 2022இல் நானும் இதே கணக்கைப் போட்டுத்தான் ஏமாந்தேன்.

அப்போது நான் க்ருக்ஸ் பட்டியலில் இருந்தேன். சூதாட்டத்திலிருந்து விலகி நிற்க விரும்புகிறவர்கள் தங்கள் பெயரைத் தாங்களே பதிந்துகொள்ளும் ஒல்லாந்து அரசுப் பதிவேடு அது. 2021 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பதிந்தால் குறைந்தது ஆறு மாதங்களுக்கு நாட்டின் உரிமம் பெற்ற எந்தத் தளமும் உள்ளே விடக்கூடாது. வீட்டில் சண்டை வந்து, மனைவியின் முன்னாலேயே பதிந்தேன். மூன்றாவது மாதம், எங்கள் தமிழ்க் குழு ஒன்றில் அறிமுகமானவர் ஒருவர் "க்ருக்ஸ் கேட்காத தளம்" என்று ஓர் இணைப்பைப் போட்டார். இப்படி ஆள் சேர்ப்பவர்களுக்கு, சேர்ந்தவர்கள் தோற்கும் பணத்தில் பங்கு கொடுப்பது இந்தத் தொழிலில் வழக்கம் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

தளத்தின் அடியில் பச்சை முத்திரை இருந்தது. அழுத்தினால் குராசோவின் தலைநகரான வில்லெம்ஸ்டாட்டில் ஒரு முகவரியும், ஓர் எண்ணும், ஜே.ஏ.இசட். என்ற எழுத்துகளும், 'செல்லுபடியாகும்' என்ற சொல்லும் வந்தன. எனக்கு அது போதுமாக இருந்தது. 100 யூரோ போட்டேன். ஊக்கத்தொகையாக அவர்கள் 100 யூரோ தந்தார்கள். ஐந்து வாரத்தில் என் கணக்கில் 3,840 யூரோ நின்றது.

எடுக்கப் போனேன். கடவுச்சீட்டைக் கேட்டார்கள். கொடுத்தேன். பிறகு மின்கட்டண இரசீது, கடவுச்சீட்டை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தபடி ஒரு படம், மூன்று மாத வங்கி அறிக்கை. ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரம் இழுத்தடித்தார்கள். போட்டதும் தந்ததுமான 200 யூரோவின் 40 மடங்கு, அதாவது 8,000 யூரோவுக்குப் பந்தயம் கட்டி முடித்திருக்க வேண்டும் என்றார்கள். முடித்திருந்தேன். கடைசியில் வந்த காரணம் இது: ஊக்கத்தொகை இருக்கும்வரை ஒரு பந்தயத்துக்கு 5 யூரோதான் உச்சம், நான் ஒரு முறை 6 யூரோ கட்டியிருக்கிறேன், ஆகவே முழுத் தொகையும் இரத்து. அந்த 6 யூரோவைக் கட்டும்போதே தடுத்திருக்க முடியாதா என்று கேட்டேன். உரையாடல் பெட்டியை மூடிவிட்டார்கள்.

அதன் பிறகுதான் முத்திரையின் கதையைத் தேடிப் படித்தேன். 1993ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்கீழ் குராசோவில் நான்கு தனியார் நிறுவனங்களிடம் முதன்மை உரிமம் இருந்தது. அவை நூற்றுக்கணக்கான தளங்களுக்குத் துணை உரிமங்களை விற்றன. நான் பார்த்த முத்திரையை வைத்தது அப்படி ஒரு நிறுவனம். தளத்திடம் கட்டணம் வாங்குகிறவர்களிடமே தளத்தைப் பற்றி முறையிட வேண்டும். மூன்று கடிதங்கள் எழுதினேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. என் வங்கி அறிக்கையில் இருந்ததோ சைப்ரஸில் உள்ள வேறொரு நிறுவனத்தின் பெயர்.

'நெதர்லாந்து இராச்சியம்' என்ற சொல்தான் என்னை விழுத்தியது, தம்பியையும் விழுத்தப் பார்க்கிறது. இராச்சியத்துக்குள் நெதர்லாந்து, அரூபா, குராசோ, சின்ட் மார்ட்டன் என நான்கு நாடுகள். 2010 அக்டோபர் 10 முதல் குராசோவுக்குத் தனி நாடாளுமன்றம், தனிச் சட்டம். அங்கு வாங்கிய சூதாட்ட உரிமம் இங்கே செல்லாது. இங்கு உரிமம் தருவது ஹேக் நகரில் உள்ள சூதாட்ட ஆணையம்; அவர்களின் 'கான்ஸ்பெல்வைசர்' பக்கத்தில் தளத்தின் முகவரியைத் தட்டினால் உரிமம் இருக்கிறதா என்று உடனே தெரியும்.

சட்டம் மாறிவிட்டதே என்று சிலர் சொல்கிறார்கள். உண்மைதான். 2024 டிசம்பர் 24இல் குராசோவில் புதிய சட்டம் வந்தது. துணை உரிம முறை போயிற்று. இப்போது அரசின் ஆணையமே நேரடியாக உரிமம் தருகிறது. தகராறைத் தீர்க்கச் சுயாதீனமான நடுவரை வைத்திருக்க வேண்டும் என்ற விதியும் வந்திருக்கிறது. அது நல்ல மாற்றம் என்றே நானும் நினைக்கிறேன். ஆனாலும் அந்த உரிமம் வைத்திருக்கும் தளம், ஒல்லாந்தில் இருந்து விளையாடுகிறவனின் பெயர் க்ருக்ஸில் இருக்கிறதா என்று பார்க்காது. எனக்கு வேண்டியிருந்த காவல் அது ஒன்றுதான்.

ஏற்கெனவே பணம் போட்டவர்கள் உரையாடல்களையும் விதிகள் உள்ள பக்கத்தையும் இன்றே படம் பிடித்து வையுங்கள். விதிகளை இடையில் மாற்றிவிடுவார்கள். அடையாள ஆவணம் அனுப்பியே ஆக வேண்டியிருந்தால், அரசின் கோப்பி-ஐடி செயலியில் குடிமக்கள் எண்ணை மறைத்து, யாருக்கு, எதற்கு என்று குறுக்கே எழுதி அனுப்புங்கள். நான் எதையும் மறைக்காமல் அனுப்பினேன். 3,840 யூரோ வரவில்லை. என் கடவுச்சீட்டின் பிரதி இன்னும் அவர்களிடம் இருக்கிறது.