வெள்ளவத்தையில் டிஷ்வொஷர் பூட்டப் போகிறவர்கள் கவனத்துக்கு

போன மாதம் எங்கள் தொடர்மாடி வீட்டுக்கு டிஷ்வொஷர் வாங்கினோம். கொண்டுவந்து இறக்கியவர்கள், தண்ணீர் இணைப்பு தங்கள் வேலை இல்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். காலி வீதியில் ஒரு ஹாட்வெயார் கடையில் விசாரித்து ஒரு பிளம்பரைக் கூப்பிட்டேன்.

வந்தவர் சிங்க்குக்குக் கீழே எட்டிப் பார்த்தார். "அக்கா, இந்த வால்வு பழசு, இறுகிப் போச்சு. மாத்தாமல் லைன் எடுக்க ஏலாது" என்றார். 15 வருடமாக ஒரு சொட்டும் கசியாத வால்வு அது. சரி, வேலை தெரிந்தவர் சொல்கிறார் என்று விட்டுவிட்டேன். சாமான் வாங்கவும் அவரையே அனுப்பினேன். பில் கேட்டால், தெரிந்த கடை, பில் போடுவதில்லையாம். கூலியோடு 18,500 ரூபாய் வாங்கிக்கொண்டு, கழற்றிய பழைய வால்வையும் பைக்குள் போட்டுக்கொண்டு போனார். அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

மூன்றாம் நாள் விடியப்புறம் கீழ் வீட்டு அன்ரி மணி அடித்தார். அவர் வீட்டுச் சீலிங்கால் தண்ணீர் ஒழுகுகிறது. எங்கள் சிங்க்குக்குக் கீழே புது வால்வின் கழுத்து வெடித்துப் பீய்ச்சிக்கொண்டிருந்தது. மெயின் வால்வு மொட்டை மாடியில், தொட்டிக்குப் பக்கத்தில். அந்தக் கதவின் திறப்பு காவலாளியிடம். அவரைத் தேடிப்பிடித்து மூட அரை மணித்தியாலம் போனது.

பிளம்பர் இரண்டு நாள் போனை எடுக்கவில்லை. எடுத்தபோது, பிழை மெஷினில்தான், திரும்ப வந்தால் தனிக் காசு என்றார்.

வேறொரு பிளம்பர் பாஸ் வந்து வெடித்ததைக் கையில் எடுத்ததுமே சொல்லிவிட்டார், இது பித்தளையே இல்லை, முலாம் பூசிய மலிவு உலோகம் என்று. பித்தளை கையில் பாரமாக இருக்கும், உள்புரியில் மஞ்சள் தெரியும். இது வெறும் சாம்பல் நிறம். அதைப் போய் முதல் வந்தவர் ஸ்பானரால் மட்டுமீறி இறுக்கியிருக்கிறார். டிஷ்வொஷர் ஹோஸின் முக்கால் அங்குல நட்டுக்குள் ரப்பர் வாஷர் இருக்கிறது, தண்ணீரைத் தடுப்பது அதுதான். கையால் இறுக்கி, ஸ்பானரால் சற்றுத் திருப்பினால் போதும். மெஷினுக்கென்று தனி வால்வும் வைக்கவில்லை. கழிவு ஹோஸைத் தரையோடு விட்டிருந்தார். அதைச் சிங்க்கின் அடிவரை உயர்த்தி வளைத்துக் கட்டாவிட்டால் சிங்க்கின் அழுக்குத் தண்ணீர் மெஷினுக்குள் திரும்பிவிடும்.

தயவுசெய்து சாமானை நீங்களே போய் வாங்குங்கள், பில்லோடு. கழற்றிய பழைய பித்தளை வால்வை வீட்டை விட்டு வெளியே விடாதீர்கள். மெஷினை ஒருமுறை முழுதாக ஓடவிட்டு, ஒவ்வொரு மூட்டிலும் டிஷ்யூ வைத்து ஈரம் பார்த்த பிறகு காசைக் கொடுங்கள். மெயின் வால்வுக்குப் போகும் கதவின் திறப்பு யாரிடம் என்று இன்றைக்கே கேட்டு வையுங்கள். பில் இருந்திருந்தால் நுகர்வோர் விவகார அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு எடுத்து முறையிட்டிருப்பேன். என் கையில் ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லை.

அன்ரி ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை, அதுதான் இன்னும் வலிக்கிறது. அவர் வீட்டுச் சீலிங்குக்குப் பெயின்ட் அடிக்க நாளைக்கு ஆள் வருகிறது.