விசிட்டிங் கார்டு அடிக்கும் முன் அதிலுள்ள கியூஆர் கோடு யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள்

என் விசிட்டிங் கார்டை இன்று யாராவது ஸ்கேன் செய்தால் என் கடைப் பக்கம் திறக்காது. கார்டு அடித்துக் கொடுத்தவர்களின் விளம்பரம் திறக்கும். பணம் கொடுத்தது நான், ஒவ்வொருவர் கையிலும் கொண்டுபோய்த் திணித்தது நான். வந்த ஆள் போய்ச் சேருவது மட்டும் அவர்கள் வாசலுக்கு.

சிறுதொழில் செய்கிறவர்கள், முக்கியமாக முதல்முறை கண்காட்சியில் ஸ்டால் போடப் போகிறவர்கள், ஆர்டர் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். பதிவு நீளம்தான். நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை, புகார் இன்னும் முடியவில்லை. வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்துவிட்டால் இதே ஆட்டத்தை வேறு பெயரில் யார் ஆடினாலும் கண்டுபிடித்துவிடலாம்.

நான் துணிப்பை தைத்து விற்கிறேன். கண்காட்சிக்கு முன்பாக ஒரு "பிராண்டிங் பேக்கேஜ்" எடுத்தேன். கார்டு, ஸ்டாண்டி (ஸ்டால் முன்னால் நிறுத்தும் உயரமான விளம்பரத் தட்டி), மேசையில் வைக்க ஒரு சின்ன போர்டு, பின்னால் கட்ட ஒரு பேனர், எல்லாம் ஒரே டிசைனில், ஒரே இடத்தில். கேட்க நன்றாகத்தான் இருக்கும். முழுத் தொகையையும் முன்னாலேயே வாங்கிக்கொண்டுதான் வேலையில் கை வைப்பார்கள். டிசைன் காட்டும்போதே கார்டின் மூலையில் ஒரு கியூஆர் கோடு இருந்தது. "இது எங்க சைடுல இருந்து ஃப்ரீ மேடம்" என்றார்கள். ஸ்கேன் செய்தேன், என் பக்கம் சரியாகத் திறந்தது. அச்சாகி வந்த பிறகும் திறந்தது. கண்காட்சி முடிந்து, கார்டு வாங்கிப் போனவர்கள் வீட்டில் நிதானமாக எடுத்துப் பார்க்கும் சமயத்தில்தான் அது நின்றது.

வாடிக்கையாளர் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார். "இந்தக் கோடின் இலவசக் காலம் முடிந்துவிட்டது" என்று ஒரு வரி. அதற்குக் கீழே, "உங்கள் தொழிலுக்கும் இதுபோல் கார்டு வேண்டுமா?" என்று அவர்கள் லோகோவோடு, அவர்கள் போன் நம்பரோடு ஒரு பெரிய பட்டன். கூப்பிட்டுக் கேட்டால், வருடச் சந்தா கட்டினால் மறுபடி ஓடுமாம். சந்தா என்ற வார்த்தையை ஆர்டர் எடுக்கும்போது அவர்கள் சொல்லவில்லை, பில்லிலும் இல்லை.

இதில் என்ன சூட்சுமம் என்று விளக்கிவிடுகிறேன். கியூஆர் கோடு என்பது கட்டங்களில் எழுதிவைத்த ஒரு வரி எழுத்து, அவ்வளவுதான். 1994இல் ஜப்பானின் டென்சோ நிறுவனம் வாகன உதிரிப் பாகங்களை அடையாளம் காண்பதற்காக உருவாக்கியது. காப்புரிமை தங்களிடம் இருந்தும், தரப்படுத்தப்பட்ட கோடை யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று விட்டுவிட்டார்கள். 2000இல் அது சர்வதேசத் தரமாகவும் ஆனது. ஆக, உங்கள் இணைய முகவரியையே கட்டங்களுக்குள் எழுதி ஒரு கோடு தயாரித்தால் அதற்கு யாருக்கும் சந்தா கட்டத் தேவையில்லை. காலாவதித் தேதியும் கிடையாது. உங்கள் பக்கம் இணையத்தில் இருக்கும்வரை அது ஓடும். இதை ஸ்டாட்டிக் கோடு என்பார்கள்.

இன்னொரு வகை டைனமிக். அதற்குள் இருப்பது உங்கள் முகவரி அல்ல, கோடு தயாரித்துத் தரும் சேவையின் ஒரு சுருக்க முகவரி. ஸ்கேன் செய்கிறவர் முதலில் அங்கே போவார், அங்கிருந்து உங்கள் பக்கத்துக்குத் திருப்பிவிடுவார்கள். இதிலும் நன்மை உண்டு. கார்டை மறுபடி அடிக்காமலே போய்ச்சேரும் இடத்தை மாற்றலாம், எத்தனை பேர் ஸ்கேன் செய்தார்கள் என்று பார்க்கலாம். அந்தக் கணக்கு உங்கள் பெயரில், பாஸ்வேர்டு உங்கள் கையில் இருந்தால் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு அச்சகத்தின் பெயரில் இருந்தால் உங்கள் வாடிக்கையாளர் எங்கே போக வேண்டும் என்பதை அவர்கள்தான் தீர்மானிப்பார்கள். இன்று அவர்கள் விளம்பரம், நாளை உங்கள் போட்டிக்காரர் கடையாகக்கூட இருக்கலாம்.

வெறும் கண்ணால் பார்த்து இது எந்த வகை என்று சொல்ல முடியாது. ஆனால் போன் கேமராவைக் கோடின் மேல் காட்டியதும், திறப்பதற்கு முன்னாலேயே திரையில் ஒரு முகவரி தெரியும். அதைப் படியுங்கள். உங்கள் தளத்தின் பெயரோ, நீங்கள் கடை வைத்திருக்கும் சமூக ஊடகப் பக்கத்தின் பெயரோ அதில் இருக்க வேண்டும். கேள்விப்படாத ஒரு சுருக்கப் பெயர் இருந்தால் அச்சுக்கு ஓகே சொல்லாதீர்கள். பக்கம் திறக்கிறதா என்று மட்டும் பார்ப்பது போதாது, டைனமிக் கோடும் முதல் நாள் ஜோராகத்தான் திறக்கும்.

கோடைப் பற்றிப் பேசும்போதே இன்னொன்று. நடுவில் லோகோ வைப்பது இப்போது எல்லோருக்கும் பிடித்திருக்கிறது. கோடின் ஒரு பகுதி கெட்டாலும் மிச்சத்தை வைத்துப் படிக்க உதவும் பிழைதிருத்த வசதி அதற்குள்ளேயே உண்டு. அதை மிக உயர்ந்த நிலையில் வைத்தால் சுமார் 30 சதவீதம் வரை சேதத்தைக் கோடு தாங்கும். மிகக் குறைந்த நிலையில் 7 சதவீதம்தான். லோகோவே அதைத் தின்றுவிட்டால் கார்டில் ஒரு கீறல் விழுந்ததும் கோடு செத்துப்போகும். சுற்றிலும் நான்கு கட்ட அளவுக்கு வெற்றிடம் விட வேண்டும் என்பது தரத்திலேயே இருக்கிறது. என் மேசை போர்டில் அழகுக்காக அந்த வெற்றிடத்தில் கொடிப் பூ வரைந்திருந்தார்கள். சில போன்கள் படித்தன, சில போன்கள் கடைசிவரை படிக்கவே இல்லை.

இனி கார்டு. பேசியது 350 ஜிஎஸ்எம் தாள், மேலே மேட் லேமினேஷன், அதாவது பளபளப்பில்லாத மெல்லிய பிளாஸ்டிக் படலம். காட்டிய சாம்பிள் வேறு யாருக்கோ அடித்தது, கெட்டியாக, விரலுக்கு இதமாக இருந்தது. எனக்கு வந்ததோ வளைத்தால் வளைந்த வாக்கிலேயே நின்றது. "அதே பேப்பர்தான் மேடம், உங்களுக்கு அப்படித் தெரியுது" என்றார்கள். எனக்கு எப்படித் தெரிகிறது என்று வாதாட விரும்பவில்லை, சமையலறைத் தராசை எடுத்தேன். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில். 90க்கு 55 மி.மீ. கார்டு 350 ஜிஎஸ்எம் தாளில் இருந்தால் ஒன்று 1.73 கிராம், நூறு கார்டு 173 கிராம் வர வேண்டும். லேமினேஷன் இருந்தால் இன்னும் கொஞ்சம் கூடத்தான் காட்டும். 250 ஜிஎஸ்எம் என்றால் நூறு கார்டு 124 கிராம்தான். என் தராசு லேமினேஷனையும் சேர்த்து 140ஐக்கூடத் தொடவில்லை. போட்டோ எடுத்து அனுப்பினேன். அதன் பிறகு தாளைப் பற்றி அவர்கள் பேசவே இல்லை. பில்லை எடுத்துப் பார்த்தால் "பிரீமியம்" என்று வரிக்கு வரி இருக்கிறது, ஜிஎஸ்எம் என்று ஓர் இடத்தில்கூட இல்லை.

கட்டிங்கும் கோணல். கருநீலப் பின்னணி கொண்ட கார்டில் ஒரு பக்கம் மட்டும் மயிரிழை வெள்ளைக் கோடு. நிறம் ஓரம்வரை போகும் டிசைன் என்றால் நான்கு பக்கமும் 3 மி.மீ. நிறத்தைக் கூடுதலாக இழுத்துவிட்டுத்தான் வெட்டுவார்கள், பிளீட் என்பது அதுதான். அதைச் செய்திருந்தால் கத்தி கொஞ்சம் நகர்ந்தாலும் வெள்ளை தெரியாது. எந்த அச்சகத்தைக் கேட்டாலும் சொல்லும் பாலபாடம் இது.

எனக்கு அதிகம் எரிச்சல் வந்தது எழுத்தைப் பார்த்துத்தான். நான் ஒப்புதல் கொடுத்த ப்ரூஃபில், அதாவது அச்சுக்கு முன் காட்டும் மாதிரியில், "கைத்தொழில்" என்று சரியாக இருந்தது. அச்சில் ஒற்றைக்கொம்பு தகரத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது, துணைக்கால் தனியாக ஒதுங்கிக் கிடக்கிறது, நடுவில் ஒரு புள்ளிவட்டம். தமிழ் யூனிகோடைச் சரியாகக் கையாளாத பழைய டிசைன் மென்பொருள்கள் அச்சகங்களில் இன்னும் ஓடுகின்றன. ஒரு கணினியில் செய்த ஃபைலை இன்னொரு கணினியில் திறந்து அச்சுக்கு அனுப்பினால் கொம்பும் காலும் இடம் மாறிவிடும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த ஃபைல் என்றால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் முழுக்க ஆங்கிலக் கிறுக்கலாகவே தெரியும். இதற்குத் தீர்வு சுலபம். டிசைன் முடிந்ததும் எழுத்தையெல்லாம் வடிவங்களாக மாற்றச் சொல்ல வேண்டும், "கர்வ் பண்ணிக் கொடுங்க" என்றால் அச்சகத்தில் புரிந்துகொள்வார்கள். அப்படி மாற்றிய பிடிஎஃப்தான் கடைசி ப்ரூஃப், அதே ஃபைல்தான் அச்சுக்குப் போக வேண்டும். எனக்கு வந்த ப்ரூஃப் வாட்ஸ்அப்பில் ஒரு படம். அச்சுக்குப் போனது வேறு ஃபைல். கேட்டதற்குக் கிடைத்த பதில், "தமிழ்னாலே அப்படித்தான் மேடம், கம்ப்யூட்டர் பிரச்சினை." தமிழில் தினம் தினம் அழகாக அச்சடித்துத் தருகிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். இந்தப் பதிலை யார் சொன்னாலும் ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

ஸ்டாண்டி கதை இன்னும் மோசம். 85 செ.மீ. அகலம், 2 மீட்டர் உயரம், அடியில் அலுமினியப் பெட்டி, உள்ளிருந்து இழுத்து மேலே மாட்டும் வகை. கார்டுக்குச் செய்த படத்தையே இழுத்துப் பெரிதாக்கி அடித்துவிட்டார்கள். கார்டின் 90 மி.மீ. அகலத்துக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் சுமார் 1063 புள்ளிகள் இருக்கும். அதையே 85 செ.மீ.க்கு இழுத்தால் அங்குலத்துக்கு 32 புள்ளிகூடத் தேறாது. தள்ளி நின்று பார்க்கும் ஸ்டாண்டிக்கு 300 தேவையில்லை, 100 இருந்தாலே நன்றாக வரும். ஆனால் 32இல் எதுவும் உருப்படாது. பையின் வாய்ப்பகுதியில் நான் போட்டிருந்த இரட்டைத் தையல் படத்தில் படிக்கட்டு படிக்கட்டாகத் தெரிந்தது. தையல் நேர்த்தியைச் சொல்லி விற்கிறவள் நான்.

போன் நம்பர் போட்டிருந்த கடைசி வரியில் பாதி பெட்டிக்குள்ளேயே இருந்தது. தாளின் அடிப்பகுதி எப்போதும் பெட்டிக்குள் சுருண்டிருக்கும், அதனால் கீழே கொஞ்சம் இடம் காலியாக விட வேண்டும் என்பது ஸ்டாண்டி செய்கிறவர்களுக்குத் தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை. கியூஆர் கோடும் அதே உயரத்தில், கணுக்காலுக்குப் பக்கத்தில். யார் குனிந்து ஸ்கேன் செய்வார்கள்? பேனரிலும் கடைப் பெயர் பாதிக்குக் கீழே இருந்தது. முன்னால் மேசை, மேசையில் சரக்கு, சரக்குக்கு முன்னால் ஆட்கள். இடுப்புக்குக் கீழே எழுதியது எதுவும் கூட்ட நேரத்தில் யார் கண்ணிலும் படாது. என்ன விற்கிறீர்கள் என்பதும் பெயரும் தலைக்கு மேலே இருக்க வேண்டும். இந்த வேலைக்கென்றே பணம் வாங்குகிறவர்களுக்கு இதையும் நாம்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. ஃப்ளெக்ஸும் பின்பக்கம் மறைப்பில்லாத மெல்லிய ரகம். அடுத்த ஸ்டால்காரர் விளக்குப் போட்டதும் என் பேனர் வழியாக அவருடைய ஸ்டாண்டின் கம்பிகள் வரி வரியாகத் தெரிந்தன.

சரி, வேறு இடத்தில் அடித்துக்கொள்ளலாம் என்று டிசைன் ஃபைலைக் கேட்டேன். "சோர்ஸ் ஃபைல் தர மாட்டோம், அது எங்க பிராப்பர்ட்டி" என்றார்கள். நீங்கள் கொடுத்த லோகோ, நீங்கள் எடுத்த படம் உங்களுடையவைதான். ஆனால் அவர்கள் செய்த வடிவமைப்பின் உரிமை பல நாடுகளில், எழுத்தில் மாற்றிக் கொடுக்காதவரை, வடிவமைத்தவரிடமே இருக்கும். இதை நன்றாகத் தெரிந்துவைத்துக்கொண்டுதான் ஆர்டர் படிவத்தில் அந்த வரியைச் சேர்க்காமல் விட்டிருக்கிறார்கள். ஆர்டர் கொடுக்கும் அன்றே, திருத்தக்கூடிய ஃபைலும் அச்சு பிடிஎஃப்பும் சேர்த்துத் தரப்படும், உரிமை உங்களுக்கு, என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள். தாளின் ஜிஎஸ்எம், லேமினேஷன், ஃப்ளெக்ஸ் ரகம், கோடு ஸ்டாட்டிக்கா டைனமிக்கா, எல்லாம் அதே தாளில் வரட்டும். எழுதித்தரத் தயங்குகிற இடத்தில் பணம் கட்டாதீர்கள். முடிந்தால் முழு எண்ணிக்கைக்கு முன்னால், சொன்ன தாளிலேயே ஒன்றிரண்டு கார்டு அடித்துக் காட்டச் சொல்லுங்கள். டிஜிட்டல் பிரிண்டில் அது பெரிய காரியம் இல்லை.

இப்போது நான் ஸ்டாட்டிக் கோடு ஒன்றை நானே தயாரித்து, சின்ன ஸ்டிக்கராக அடித்து, மிச்சமிருக்கும் கார்டுகளில் பழைய கோடின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறேன். ஸ்டிக்கரை ஒட்டிய பிறகு ஒவ்வொரு கார்டையும் ஸ்கேன் செய்து பார்த்துத்தான் வைக்கிறேன், ஓரம் விலகிப் பழைய கட்டங்கள் எட்டிப்பார்த்தால் கோடு படிக்காது. ஸ்டாண்டியின் பெட்டியும் கம்பியும் நன்றாகத்தான் இருக்கின்றன, தாளை மட்டும் மாற்றித் தருவதாக வேறொரு அச்சகம் சொல்லியிருக்கிறது.

அவர்களைப் பற்றி நான் எழுதிய விமர்சனத்தை நீக்கினால் ஒரு வருடச் சந்தாவை இலவசமாகத் தருவதாக மெசேஜ் வந்திருக்கிறது. முடியாது என்று சொல்லிவிட்டேன். கார்டுக்கும் ஸ்டாண்டிக்கும் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்டு, தராசுப் படம், ப்ரூஃப் படம், அச்சான கார்டு, வாடிக்கையாளர் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் சேர்த்து நுகர்வோர் புகார் கொடுத்திருக்கிறேன். இதே பேக்கேஜ் எடுத்து இதே "இலவசக் காலம் முடிந்துவிட்டது" பக்கத்தைப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால், உங்கள் பில்லையும் கார்டையும் தூக்கிப் போடாமல் எனக்குத் தனியாக எழுதுங்கள். புகாரில் சேர்த்துவிடலாம்.