கிருஷ்ணகிரியில் 'சத்து டிரிப்ஸ்': ஊருக்குப் போய்வந்த ஒரு நர்ஸின் அனுபவம்

கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு போகும் சாலையில், மாங்கூழ் கம்பெனி விளம்பரங்களுக்கும் நகைக்கடைத் தட்டிகளுக்கும் நடுவே இப்போது புதிதாக ஒரு வகைப் பலகை வந்திருக்கிறது. வைட்டமினையும் வேறு சத்துகளையும் பாட்டிலில் கலந்து நரம்பில் ஏற்றுவதற்கான விளம்பரம். 'கிளோ டிரிப்', 'இம்யூனிட்டி டிரிப்', 'எனர்ஜி டிரிப்' என்று பெயர்கள். சாய்வு நாற்காலியில் கையில் ஊசியோடு சிரித்துக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணின் படம். இங்கிலாந்தில், லெஸ்டர் நகரில் நான் குடியிருக்கும் பகுதியிலும் இதே மாதிரிப் படம் தொங்குகிறது. அதனால் இதை நம்ம ஊர் அறியாமை என்று யாரும் ஒதுக்கிவிட வேண்டாம். 2019-ல் அந்நாட்டின் அரசு மருத்துவ சேவையான என்.எச்.எஸ்.-இன் தேசிய மருத்துவ இயக்குநராக இருந்த ஸ்டீபன் பவிஸ், ஆரோக்கியமாக இருப்பவர்களுக்கு இந்த டிரிப்ஸ் தேவையே இல்லை என்று வெளிப்படையாக எச்சரிக்க வேண்டி வந்தது. அந்த அளவுக்கு அங்கேயும் பரவிக் கிடக்கிறது.

நான் அங்கே சிறுநீரகப் பிரிவில் நர்ஸ். சொந்த ஊர் காவேரிப்பட்டணம் பக்கம். நரம்பில் ஊசி ஏற்றுவதும், ஏற்றியவர்களைக் கண்காணிப்பதும்தான் என் அன்றாட வேலை. அண்ணன் மகள் கல்யாணத்துக்காக இந்த முறை ஊருக்குப் போனபோது பார்த்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை.

கல்யாணப் பெண்ணுக்கென்று ஒரு பேக்கேஜ் இருக்கிறதாம். முகூர்த்தத்துக்குள் ஆறு முறை டிரிப்ஸ் போட்டால் நிறம் கூடிவிடுமாம். அண்ணன் மகள் முன்பணம் கட்டிவிட்டாள். "எல்லாரும் போட்டுக்கிறாங்க அத்தை. வைட்டமின்தானே, சைடு எஃபெக்ட்டே இல்லைன்னு சொன்னாங்க" என்றாள். அவளைக் கோபித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. மாநிறமாகப் பிறந்த பெண்ணுக்கு நிச்சயதார்த்தம் முடிந்ததிலிருந்து சொந்தக்காரர்கள் என்னென்ன சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். "சரி கண்ணு, நானும் கூட வர்றேன்" என்று கிளம்பினேன்.

இடம் சுத்தமாக இருந்தது, ஏசி ஓடியது, வரவேற்பில் இருந்த பெண் மரியாதையாகப் பேசினாள். அதையும் சொல்லத்தான் வேண்டும். பாட்டிலில் என்ன கலக்கிறீர்கள் என்று கேட்டேன். "குளூட்டாதயோன், வைட்டமின் சி, பயோட்டின் எல்லாம் சேர்ந்த பிரீமியம் மிக்ஸ் மேடம்" என்றாள். எது எத்தனை கிராம் என்றதற்குப் பதில் இல்லை. மருந்துக் குப்பியைக் காட்டச் சொன்னேன். வெளிநாட்டு மொழியில் லேபிள். இந்தியாவுக்குள் இறக்குமதியாகும் மருந்தில் இறக்குமதி செய்தவரின் பெயரும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். இந்தக் குப்பியில் அப்படி எதுவும் கண்ணில் படவில்லை. டாக்டர் எங்கே என்றேன். "வாரத்துக்கு ஒரு நாள் வருவார் மேடம், மத்த நாள்ல போன்ல கேட்டுப்போம்." இவளுக்கு ரத்தப் பரிசோதனை ஏதாவது எடுத்தீர்களா என்றேன். எடுக்கவில்லை. ஆனால் கையெழுத்துப் போட ஒரு படிவம் மட்டும் ஆங்கிலத்தில் தயாராக இருந்தது. என்ன நேர்ந்தாலும் நிறுவனம் பொறுப்பல்ல என்பது அதன் கடைசி வரி.

குளூட்டாதயோன் நம் உடம்பே தயாரித்துக்கொள்ளும் பொருள். அதை நரம்பில் ஏற்றினால் நிறம் நிரந்தரமாக மாறும் என்பதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை. பிலிப்பைன்ஸ் நாட்டில் இந்த மோகம் நமக்கு முன்பே தலைவிரித்தாடியது. அங்குள்ள மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011-லேயே மக்களை எச்சரித்தது. சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்து எடுப்பவர்களுக்குத் துணை மருந்தாகத்தான் இந்த ஊசிக்கு அங்கே அனுமதி, நிறத்துக்கு அல்ல. தோல் கொப்புளித்து உரிந்துபோகும் ஸ்டீவன்ஸ் ஜான்சன் நோய், சிறுநீரகம், தைராய்டு கோளாறுகள் எல்லாம் அந்த எச்சரிக்கையில் உண்டு. 2019-ல் அமெரிக்காவில் வேறொரு சிக்கல் வந்தது. சத்து மாத்திரைக்கென்று தயாரித்த குளூட்டாதயோன் தூளை ஊசி மருந்தாகக் கலக்கியிருக்கிறார்கள். அதில் பாக்டீரியா நச்சு இருந்ததால் போட்டுக்கொண்டவர்களுக்கு வாந்தியும் குளிர்காய்ச்சலும் வந்தன. வாயில் போட்டால் வயிறு சமாளித்துவிடும் அசுத்தம், ரத்தத்தில் நேராகக் கலந்தால் ஆளையே சாய்த்துவிடும்.

கடைசியாக ஒன்று கேட்டேன்: "அட்ரினலின் இருக்காம்மா?" அந்தப் பெண் விழித்தாள். நரம்பில் போகும் எந்த மருந்துக்கும் திடீரென்று கடும் ஒவ்வாமை வரலாம். பி1 வைட்டமினான தயமின் ஊசிக்கே அபூர்வமாக அப்படி வந்திருக்கிறது. தொண்டை வீங்கி, ரத்த அழுத்தம் விழுந்து, நிமிடக்கணக்கில் உயிர் போகும் நிலை. பெரியவர் ஒருவருக்கு 0.5 மில்லிகிராம் அட்ரினலினைத் தொடைச் சதையில் உடனே போட வேண்டும். "அந்த மாதிரி ஆனா 108-க்குக் கூப்பிடுவோம் மேடம்" என்றாள். 108 நல்ல சேவை, ஆனால் அது வந்து சேர்வதற்குள் ஆக வேண்டிய காரியம் இது. பாவம், அந்தப் பெண்ணைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவளுக்கு யாரும் கற்றுத்தரவில்லை. அவள் வயதுக்கு அந்தப் பொறுப்பை அவள் தலையில் கட்டியவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள்.

கலவையின் அளவு, மருந்தின் பெயர், டாக்டரின் பதிவு எண் மூன்றையும் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டோம். எழுதித் தரவில்லை. முன்பணத்தைத் திருப்பித் தந்தார்கள்.

திரும்பி வரும் வழியில், "அப்போ வைட்டமின் சி மட்டும் போட்டுக்கிட்டா பரவாயில்லையா அத்தை?" என்றாள். இங்கேதான் என் தொழில் குறுக்கே வருகிறது. ஒரு நாளைக்கு நமக்குத் தேவையான வைட்டமின் சி, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) 2020 பரிந்துரைப்படி ஆணுக்கு 80 மில்லிகிராம், பெண்ணுக்கு 65. நல்ல பெரிய நெல்லிக்காய் ஒன்றே அதைத் தந்துவிடும். தகடூர் அதியமான் ஔவைக்குக் கொடுத்த கனியின் மண் இது, இங்கே இருந்துகொண்டு அந்தச் சத்துக்காக நரம்பைக் குத்திக்கொள்வதா என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது. டிரிப்ஸில் இதை 5 கிராம், 10 கிராம், சில இடங்களில் அதற்கும் மேலே ஏற்றுகிறார்கள். 5 கிராம் என்றாலே ஒரு பெண்ணின் அன்றாடத் தேவையைப் போல எழுபது மடங்குக்கு மேல். வாய்வழியாகச் சாப்பிட்டால் குடல் ஒரு வாயிற்காவலன் மாதிரி, போதும் என்ற அளவுக்கு மேல் உள்ளே விடாது. நரம்பில் ஏற்றும்போது அந்தக் காவல் இல்லை. மிஞ்சிய வைட்டமின் சியில் ஒரு பகுதி ஆக்சலேட்டாக மாறி, சிறுநீரகத்தில் படிகமாகப் படியும். ஏற்கெனவே சிறுநீரகம் பலவீனமானவருக்கு அது முழுச் செயலிழப்பு வரை கொண்டுபோகும். கோடைக்குத் தண்ணீர் சரியாகக் குடிக்காமல், சிறுநீரகக் கல்லோடு திரிகிறவர்கள் நம் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார்கள். அவர்களில் யாரும் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை பார்த்துவிட்டா போய் அந்த நாற்காலியில் உட்காருகிறார்கள்?

ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு பிறவியிலேயே சிலருக்கு இருக்கும், அவர்களுக்கே தெரியாது. அவர்களுக்கு இவ்வளவு வைட்டமின் சி ஏறினால் சிவப்பணுக்கள் கொத்தாக உடையும். சர்க்கரை நோயாளிகளுக்கு இன்னொரு ஆபத்து: அதிக வைட்டமின் சி ரத்தத்தில் இருக்கும்போது சில குளுக்கோமீட்டர்கள் சர்க்கரையைக் கூட்டிக் காட்டும். அந்த எண்ணை நம்பி இன்சுலினை ஏற்றிப் போட்டால் சர்க்கரை பாதாளத்துக்கு விழும். மெக்னீசியம் கலந்ததை வேகமாக ஓட்டினால் உடம்பெல்லாம் சூடேறி, பிரஷர் இறங்கி, மயக்கம் வரும். இவை எல்லாம் எல்லாருக்கும் வரும் என்று நான் பயமுறுத்தவில்லை. பலருக்கு ஊசி குத்திய இடத்தில் வலியும் வீக்கமும், நரம்பு சிவந்து தடிப்பதும் மட்டுமே வரும். யாருக்கு எது வரும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள ஒரு பரிசோதனைகூட அங்கே இல்லை என்பதுதான் என் கவலை.

நகரத்தில் இது நாகரிகம் என்றால், கிராமத்தில் பழக்கம். பாலக்கோடு பக்கத்தில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது. சுகர், பிரஷர் இரண்டும் உண்டு. அசதி என்றால் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒருவரிடம் போய் 'மஞ்ச பாட்டில்' ஏற்றிக்கொண்டு வருவார். குளுக்கோஸ் பாட்டிலில் பி காம்ப்ளக்ஸ் கலந்தால் அந்த மஞ்சள் வரும், பி2 வைட்டமினின் நிறம் அது. போட்ட அன்று சிறுநீரும் மஞ்சளாகப் போகும், பாதி பணம் அப்படியே வெளியேறுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். அந்த அறையின் பலகையில் டாக்டர் என்று இருந்தது, பதிவு எண் இல்லை. போலி மருத்துவர் கைது என்ற செய்தி தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் புதிதல்ல.

"போட்டா தெம்பா இருக்குது சாமி" என்றார் பெரியம்மா. அது பொய்யும் இல்லை. 500 மில்லி தண்ணீர், ஐந்து சதவீதக் கணக்கில் 25 கிராம் சர்க்கரை, ஒரு மணி நேரம் படுக்கை, பக்கத்தில் அக்கறையாக ஒரு ஆள். யாருக்கும் கொஞ்சம் தெம்பு வரும். சுகர் இருக்கும் உடம்பில் நேராகச் சர்க்கரையை ஏற்றுகிறோம் என்று அங்கே யாரும் யோசிக்கவில்லை. அவசரத்துக்கு வேறு சொட்டை முழுக்கத் திறந்து விட்டுவிடுகிறார்கள். சாதாரண டிரிப்ஸ் செட்டில் ஒரு மில்லிக்கு 20 சொட்டு. 500 மில்லியை நான்கு மணி நேரத்தில் ஓட்ட வேண்டுமானால் நிமிடத்துக்குச் சுமார் 42 சொட்டு. அதை அரை மணியில் ஓட்டினால், இதயம் பலவீனமான பெரியவர்களுக்கு நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டும். ஒரே குப்பியில் பலருக்கு ஊசி தோய்த்து எடுத்தால் மஞ்சள்காமாலை பி, சி இரண்டும் ஆளுக்கு ஆள் தாவும். வயிற்றுப்போக்கில் நீர்ச்சத்து போயிருந்தால், குடிக்க முடிகிறவரைக்கும் 20.5 கிராம் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்துக் குடித்தாலே போதும். அது ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம்.

அந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத்தான் மறுநாள் அழைத்துப் போனேன். கூட்டம் இருந்தது, காத்திருந்தோம். ஆனால் அங்கிருந்த இளம் டாக்டரம்மா, ஊசியைப் பற்றிப் பேசுவதற்கு முன் அசதி எப்போதிலிருந்து, மூச்சு வாங்குகிறதா, மலம் கறுப்பாகப் போகிறதா, கால் மரத்துப்போகிறதா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று வரிசையாகக் கேட்டார். ஹீமோகுளோபின் பார்த்தார்கள்: 8.4. பன்னிரண்டுக்கு மேல் இருக்க வேண்டியது. மாதக்கணக்கில் பாட்டில் ஏற்றியவர், ஒருமுறைகூட அதைப் பார்த்ததில்லை. பெரியம்மா வருஷக்கணக்கில் மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரை சாப்பிடுகிறார். அது பி12 உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். வெளியே லேபில் பார்த்தோம், பி12-உம் குறைவு. கிரியாட்டினின், மலப் பரிசோதனை எல்லாம் எழுதிக் கொடுத்து, எதனால் ரத்தம் குறைகிறது என்று பார்க்க ஜி.எச்.சுக்கும் அனுப்பினார்.

அவருக்கு இப்போது பி12 ஊசி போகிறது. ஆமாம், வைட்டமின் ஊசியேதான். சதையில் போடுவது, அளவு தெரிந்தது, காரணம் தெரிந்தது, எத்தனை வாரம் என்று சீட்டில் எழுதியிருப்பது. இரும்புச்சத்து மிகவும் குறைந்த கர்ப்பிணிகளுக்கு அரசு மருத்துவமனைகளிலேயே நரம்பு வழியாக அயர்ன் சுக்ரோஸ் ஏற்றுகிறார்கள், அதுவும் உயிர் காக்கும் சிகிச்சை. நரம்பு வழி மருந்து கெட்டது என்று நான் சொன்னால் என் தொழிலையே மறுப்பதாகும். குறை என்ன என்று தெரியாமல் பாட்டிலைத் தொங்கவிடுவதைத்தான் எதிர்க்கிறேன்.

சுகர், பிரஷர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கியதே இந்தக் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான். இப்போது அதில் பெரியம்மா பெயரையும் பதிந்திருக்கிறோம். கையில் இவ்வளவு இருக்க, பஸ் நிறுத்தத்துப் பாட்டிலுக்கு ஏன் போனார் என்று யோசித்தால், விடை நம் பக்கம் திரும்புகிறது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள்தானே போனில், "அசதியா இருந்தா ஒரு டிரிப்ஸ் போட்டுக்கோம்மா, காசு அனுப்பறேன்" என்கிறோம். பெரியம்மா மகனும் மஸ்கட்டிலிருந்து அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தான். நல்ல மனசோடுதான் சொன்னான்.

அவனிடம் சொன்னதையே உங்களிடமும் சொல்கிறேன். அடுத்த தடவை வீட்டில் யாராவது டிரிப்ஸ் என்றால், முதலில் ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு, கிரியாட்டினின் பார்க்கக் காசு அனுப்புங்கள். மீறியும் போடுகிறார்கள் என்றால், பாட்டிலையும் குப்பிகளையும் லேபிள் தெரிகிற மாதிரி வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். டாக்டரின் பதிவு எண்ணைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் தளத்தில் நீங்களே சரிபார்க்கலாம். தனியார் கிளினிக் என்றால் அரசுப் பதிவுச் சான்றிதழ் கண்ணில் படும்படி மாட்டியிருக்க வேண்டும். இல்லையென்றால் மாவட்ட மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். சந்தேகம் கேட்க 104 என்ற மருத்துவ ஆலோசனை எண் இருக்கிறது. போட்டபின் மூச்சுத்திணறல், உடம்பெல்லாம் தடிப்பு, நடுக்கத்தோடு காய்ச்சல், நெஞ்சு வலி என்று எது வந்தாலும் சொட்டை உடனே நிறுத்தச் சொல்லி, 108-ஐக் கூப்பிட வேண்டும். வீட்டில் படுத்துப் பார்க்கலாம் என்று காத்திருக்கக் கூடாது.